வத்தல் வீடு

வீடு பார்க்க வந்த காரியாபட்டிக்காரர் வலது காலை எடுத்து வாசற்படிக்குள் வைத்தார். நச்சென்று ஒரு தும்மல் போட்டார். வைத்த காலை அப்படியே வெளியே எடுத்துவிட்டார். இன்னொரு தும்மல் வருமா என்று வீட்டுக்காரர் தனுஷ்கோடி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒற்றைத் தும்மல் என்றால் தடை, இரட்டையாக வந்தால் சுபம் என்பது திருச்சுழிப் பக்கம் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டாவது வரவில்லை. வந்தவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு நா வாரேண்ணே" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு முன்னால் வந்தவர்களும் இதே படியில் இதே மாதிரி தும்மிவிட்டுப் போனவர்கள்தான்.

வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஓட்டு வீடு, நடுவில் முற்றம், இரண்டு அறை, கொல்லையில் கிணறு. தனுஷ்கோடி அதற்குள்தான் வருஷக்கணக்காக மிளகாய் வத்தலை மூட்டை மூட்டையாக அடுக்கி வியாபாரம் பார்த்தார். அருப்புக்கோட்டையில் கமிஷன் கடை போட்டுக் குடும்பத்தோடு போனபோது மூட்டைகளும் போயின. நெடி மட்டும் போகாமல் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்த வீட்டுக்கு ஆளைப் பிடிக்கவில்லை, அதுதான் விரட்டுகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"அடுப்பெரியாத வீட்ட எவன் வாங்குவான்? ஒரு குடும்பத்தக் கொண்டுவந்து வச்சுப் பொழங்க விடுங்க. பொழங்குனா வீடு தானா வெளங்கும்" என்றாள் அவர் மனைவி சுந்தராம்பாள். தனுஷ்கோடிக்கு உடனே சீனிச்சாமி ஞாபகம் வந்தது. விவசாயம் பார்க்கும் சம்சாரிகளிடம் வத்தல் பிடித்து அவர் கடைக்கு லோடு ஏற்றி அனுப்புகிறவன், உள்ளூர்க்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. வாடகை வேண்டாம், வீடு விலைபோனதும் காலி செய்துவிட வேண்டும் என்று பேச்சாயிற்று.

சீனிச்சாமியின் மனைவி கஸ்தூரிக்கு இதைக் கேட்டதும் காலே தரையில் பாவவில்லை. அதுவரை அவர்கள் இருந்தது அவன் அண்ணன் வீட்டில். ஒரே அறை, குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டியிருக்கும், அதுதான் சுவர். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டுமென்றால்கூடக் கண்மாய்க் கரைக்குப் போய்த்தான் போட்டுவிட்டு வர வேண்டும். சமாதானம் ஆவதற்கு அந்த இடமும் இல்லை. புது வீட்டில் அறைக்கதவைச் சாத்தி முதல்முதலாகத் தாழ்ப்பாள் போட்டதும் கஸ்தூரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இப்ப வாங்க, சண்ட போடுவோம்" என்றாள்.

மறுநாளே சேலையை இழுத்துச் செருகி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். உத்தரத்தைத் தட்டினாள், தும்மினாள். ஓட்டுச் சட்டங்களைத் துடைத்தாள், தும்மினாள். தரை வெடிப்புகளில் புகுந்து கிடந்த வத்தல் விதைகளை விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி எடுத்து, தரையைக் கழுவி, சாணி போட்டு மெழுகி, காய்ந்ததும் மறுபடி மெழுகினாள். வேப்பிலைப் புகை போட்டாள். சீனிச்சாமி சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து சுவர் முழுக்க அடித்தான். அடியில் காவிப்பட்டை மட்டும் அவள் தீட்டினாள், அது கோணலாகப் போய்விடும் என்று அவனை விடவில்லை. வெயில் முற்றத்தில் இறங்கும்போது வீடு வெளேரென்று இருந்தது. இதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சுண்ணாம்பு காய்ந்த அன்றுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. வீட்டை எவ்வளவு அழகாக வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது கையை விட்டுப் போய்விடும். மறுநாள் வேண்டுமென்றே வாசல் தெளிக்காமல், பெருக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். உச்சிவேளை வரைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தன் கையைத் தானே திட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

தை பிறந்ததும் தனுஷ்கோடி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே தன் வீட்டுப் பித்தளைக் குடங்கள், புதுக் கோரைப்பாய், ஒரு பந்து மல்லிகைப்பூ. "வீரசோழன்ல ஜவுளிக்கட வச்சிருக்க ராஜகுரு வாராரு, சம்சாரத்தோட. தாயி, குடத்த எல்லாம் கண்ணுல படுறாப்ல அடுக்கு. பாய விரி. காப்பி வாசம் வாசல் வரைக்கும் வரணும்" என்றார். கஸ்தூரி எல்லாவற்றையும் செய்தாள். புளி போட்டு விளக்கிய குடங்கள் பளபளவென்று நின்றன. அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து, காப்பிக்குத் தண்ணீர் வைத்து அடுப்பை ஊதினாள்.

"வாங்க, வாங்க" என்று வாசலில் தனுஷ்கோடியின் குரல் கேட்டது. கஸ்தூரி யோசிக்கவே இல்லை. கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போய் வத்தலை எடுத்துத் தணலில் போட்டது. கமறல் குப்பென்று எழுந்து கூடத்துப் பக்கம் போயிற்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

ராஜகுருவின் மனைவி சந்தனம்மாள்தான் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை. தனுஷ்கோடி முகத்தில் ஈயாடவில்லை. வீடு தப்பித்தது என்று கஸ்தூரிக்குச் சந்தோஷம் பொங்கியது, கூடவே சீ என்று தன் மேலேயே வெறுப்பும் வந்தது. அந்த நேரத்தில் சந்தனம்மாள் மூக்கைச் சுளித்து, தலையை அண்ணாந்து, இன்னொரு தும்மல் போட்டாள். அது முதல் தும்மலைவிடப் பெரிது.

"ரெட்ட!" என்று தனுஷ்கோடி கத்தியே விட்டார். "பாத்தீகளா! ரெட்டத் தும்மல்! இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" ராஜகுருவும் சிரித்துக்கொண்டே துண்டை உதறிப் பாயில் உட்கார்ந்தார்.

சந்தனம்மாள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். சுவரைத் தடவினாள். மெழுகிய தரையைக் குனிந்து பார்த்தாள். "வீட்ட இப்பிடிக் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி வச்சிருக்கியே தாயி. விக்க எப்பிடி மனசு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கு மனசு வரலக்கா" என்றாள் கஸ்தூரி. கண் நிறைந்துவிட்டது. கமறல் என்று சொல்லிக்கொண்டாள். பின்னாலேயே வந்த தனுஷ்கோடி, "அது வெள்ளந்தி, நம்ம சீனி சம்சாரம்" என்று சிரித்துப் பேச்சை மாற்றினார். சந்தனம்மாள் மட்டும் போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கே அட்வான்ஸ் கை மாறியது.

சாயங்காலம் சீனிச்சாமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எத்தன வத்தல் போட்ட?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ரெண்டு."

"ஒண்ணோட நிறுத்தியிருக்கணும்" என்றான். அவள் அவனை அடிக்கக் கை ஓங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். அவனுக்கும் இந்த வீட்டை விட மனசில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது போதும்போல் இருந்தது.

தனுஷ்கோடிக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய மைத்துனர் வீடு ஒன்று அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்தது. "ராசியான கை. ஏலே சீனி, அங்க போயி இருங்க. அதையும் வித்துருவோம்" என்றார். சீனிச்சாமி தலையாட்டிவிட்டான். அண்ணன் வீட்டுச் சேலைச் சுவருக்குத் திரும்பிப் போக யாருக்கு ஆசை?

பஸ்ஸில் கஸ்தூரி ஒரு முடிவோடுதான் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை படுக்க ஒரு மூலை, சமைக்க ஒரு மூலை, அவ்வளவுதான் பெருக்குவது. ஒட்டடை அதன் பாட்டுக்குத் தொங்கட்டும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வெடித்துக் கிடந்த கரிசலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்ததும் வௌவால் புழுக்கை நாற்றம் ஆளைத் தள்ளியது. சீனிச்சாமி சாமானை இறக்கிக்கொண்டிருக்க, அவள் எதையும் பார்க்காதவளைப் போல நேராக நடந்து கொல்லைக்கதவைத் திறந்தாள். கிணறு இருந்தது. வாளியைக் கட்டி விட்டு இறைத்து, உள்ளங்கையில் ஒரு வாய் ஊற்றிக் குடித்தாள். திருச்சுழிக் கிணறுகளைப் போல் உப்பு இல்லை. இன்னொரு வாய் குடித்தாள். கற்கண்டு மாதிரி இருந்தது.

"ஏங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இந்தத் தெருவுல யார்ட்டயாச்சும் ஒரு முருங்கக் கொம்பு கெடைக்குமான்னு கேட்டு வாங்கிட்டு வாங்க."

"கொம்பா? ஊணி அது காய்க்க ஒரு வருசமாகுமே. நாம என்ன அதுவரைக்கும்..."

"ஆகட்டும்" என்றாள்.

அவன் கையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். அவள் கிணற்றடியில் கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழி தோண்ட ஆரம்பித்தாள். மேல் மண் கல்லாக இருந்தது. வாளியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரை அதில் ஊற்றினாள். மண் உஸ்ஸென்று உறிஞ்சியது. அது கறுத்து இளகும்வரை பார்த்திருந்துவிட்டு, மறுபடி தோண்டினாள்.