கொளஞ்சியப்பன் பூ

எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு பூவின் படம் இருக்கும். ரோஸ் நிறம், தொண்டையில் கருஞ்சிவப்புப் புள்ளி. அடியில் ஆங்கில எழுத்தில் அதன் தாவரவியல் பெயர். என் அப்பா கொளஞ்சியப்பன் கல்வராயன் மலையில் வனத்துறை ரேஞ்சராக இருந்தபோது ஓர் ஓடைக்கரைப் பாறையில் கண்டெடுத்த காட்டுக் காசித்தும்பை அது. புதிய இனம் என்று முடிவு செய்த விஞ்ஞானி, அதற்கு அப்பாவின் பெயரையே வைத்தார். ஏர் பிடித்த குடும்பத்தின் பெயரில் ஒரு பூ. பெண் பார்க்க வருகிறவர்களிடம் நிலபுலத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வோம்.

அப்பா போன பிறகு அந்தச் செடியைக் காப்பது என் பொறுப்பானது. கடலூர் வெயிலில் மலைச்செடி நிற்காது. மழைக்காலத்தில் மட்டும், குளியலறைச் சுவரின் நிழலில், ஈரமணல் போட்ட தொட்டிகளில் விதைப்பேன். காய் முற்றி வெடிக்கும் முன் துணிப்பை கட்டி விதையெடுப்பேன்.

காலமாகிவிட்ட என் அண்ணன் சிங்காரத்தின் மகள் கயல்விழி அண்ணாமலை நகரில் தாவரவியல் ஆராய்ச்சி செய்தாள். 2009 டிசம்பரில், வாய்மொழித் தேர்வுக்கு எங்களை அழைக்க வீட்டுக்கு வந்தாள். ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்தாள் என்பதை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

"தாத்தா பூ தனி இனம் இல்ல சித்தப்பா. ரெண்டு காசித்தும்பை தானாவே கலந்து வந்தது. ஓடைக்குக் கீழ சிவப்பு ஒண்ணு, மேல வெள்ளை ஒண்ணு. ரெண்டும் சேர்ற எடத்துல மட்டும்தான் இது இருக்கு. எல்லாம் தேனீ பண்ற வேலை."

"கலப்புன்னு சொல்ற."

"ஆமா சித்தப்பா."

"உங்க தாத்தா பேர அழிச்சுட்டு நீ பட்டம் வாங்கப் போற."

அவள் முகம் சுருங்கிப்போனது. என் மனைவி புஷ்பவள்ளி காபி டம்ளரை அவள் கையில் கொடுத்து, "அவுரு அப்படித்தான், நீ குடி" என்றாள்.

பொது வாய்மொழித் தேர்வில் சபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். நான் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். ஒரு பொய்ச் சான்றுக்குக்கூடக் கையெழுத்துப் போடாதவன் என்று கடலூர் தாலுகா முழுக்கச் சொல்வார்கள். என் வார்த்தைக்கு எடை உண்டு என்ற நம்பிக்கையில், பூத்திருந்த தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவரே, செடிக்கு டிக்கெட் வேணாம், ஆனா மடியில வெச்சுக்குங்க" என்றான். புஷ்பவள்ளி சிரித்தாள். "பொண்ணு பாக்கப் போற மாதிரி புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க." நான் சிரிக்கவில்லை.

கயல்விழி மலைப் படங்களைத் திரையில் காட்டினாள். மகரந்தத்தை நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் பாதிக்கு மேல் வெற்றுக் கூடுகள்; அது கலப்புக்கு அடையாளம் என்றாள். கலப்புச் செடியின் விதையைப் போட்டால் எல்லாம் ஒன்றுபோல வராது, சில சிவப்பாகவும் சில வெள்ளையாகவும் பூக்கும் என்றாள். தொட்டியை மடியோடு இழுத்துக்கொண்டேன். கேள்வி உண்டா என்று சபையைக் கேட்டபோது தொட்டியோடு எழுந்தேன்.

"என் பேரு திருநாவுக்கரசு. கொளஞ்சியப்பனோட மகன். எங்க வூட்டுல பல வருஷமா விதை போட்டு விதை எடுக்கறோம். இந்தப் பூதான் வருது. கலப்பா இருந்தா மாறியிருக்கணுமா இல்லையா?"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் நிமிர்ந்தார். "முக்கியமான கேள்வி. இது உண்மைன்னா ஆய்வையே திரும்பப் பாக்கணும்."

கயல்விழி என்னைப் பார்த்தாள். "போட்ட விதை எல்லாமே இப்படித்தான் பூத்துதா சித்தப்பா? வேற நெறத்துல எதுவும் வரலியா?"

அவள் கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. 'சிலது வேறு மாதிரி' என்று நான் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"எல்லாமே," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தேர்வாளர், "பதில் சொல்லுங்க" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டும் திறக்கவில்லை.

பெண்கள் வரிசையிலிருந்து புஷ்பவள்ளி எழுந்தாள்.

"ஏங்க, நடு சபையில எதுக்குப் பொய் சொல்றீங்க? வெள்ளையும் செவப்புமா பூத்ததையெல்லாம் 'இது நம்ம ஜாதி இல்ல'ன்னு வருஷாவருஷம் நீங்கதானே புடுங்கிப் போட்டீங்க? எனக்குத்தான் மனசு கேக்காம அதுங்கள நீங்க எட்டிப் பாக்காத தொவைக்கிற கல்லு ஓரமா நட்டு வெச்சேன். இவ வந்து பாத்து, அதத்தான் எடுத்துட்டுப் போனா."

சபை சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. "இத நீங்களே ஏம்மா சொல்லல?" என்று கயல்விழியைக் கேட்டார்.

"அவுங்க எங்க வீட்டுப் பெரியவங்க மேடம்."

பிறகு, அதுவரை காட்டாமல் வைத்திருந்த படத்தைத் திரையில் போட்டாள். எங்கள் வீட்டுத் துவைக்கும் கல். அதைச் சுற்றி வெள்ளை, சிவப்பு, ரோஸ் என்று மூன்று நிறத்திலும் பூக்கள். பின்னால் கொடியில் என் வேட்டி.

உட்கார்ந்துவிட்டேன். தொட்டி மடியில் இருந்தது. முதன்முதலில் ஒரு வெள்ளைப் பூ பூத்த காலையில், யாரும் எழுந்திருக்கும் முன் அதைப் பிடுங்கியது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து விதை தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைதான் எடுத்தேன் என்றால், யாருக்கு ஒளித்து எடுத்தேன்? அந்தப் பெண் பட்டத்தை இழக்கத் துணிந்தாள், என்னைப் பொய்யன் என்று சொல்லத் துணியவில்லை. குடும்ப மானத்தைக் காத்தவள் அவள்.

பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. காகிதத் தட்டில் சமோசாவோடு கயல்விழி என்னிடம் வந்தாள்.

"சாப்பிடுங்க சித்தப்பா. தாத்தா பேரு எங்கயும் போவாது. நடுவுல ஒரு பெருக்கல் குறி போடணும், அவ்ளோதான். கலப்புச் செடின்னு அதுக்கு அர்த்தம்."

தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுவருடம் அவளுக்குக் கல்யாணம். அண்ணன் இல்லாததால் பத்திரிகை என் பெயரில். பூவின் பெயருக்கு நடுவே பெருக்கல் குறியை நானே எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். அவர்கள் அதை அடித்தல் என்று நினைத்து எடுத்துவிட்டு, சுத்தமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் குறியைப் போட்டேன்.

"யாராச்சும் கேட்டா?" என்றாள் புஷ்பவள்ளி.

"நான்தான் சொல்லணும்."

முதல் பத்திரிகையை, அப்பாவுக்குப் பெயர் தந்த குலசாமி கொளஞ்சியப்பர் சன்னதியில் வைத்தோம். அடுத்தது புஷ்பவள்ளியின் தம்பி ஞானசேகரனுக்கு. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னா மாமா, பெரியவரு பேருல பேனாவால கிறுக்கி வெச்சிருக்கு? எந்தப் பய பண்ண வேல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். துவைக்கும் கல்லிலிருந்து ஆரம்பித்தேன்.