மிளகுக் குடோனுக்கு மேலே தொண்ணூற்றேழு டிகிரி

23 ஏப்ரல் 2025, புதன்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 68 டிகிரி என்று நான் குறித்தது பிராசஸரின் சூடு இல்லை. அதற்கு நேர் கீழே இருந்த டிஸ்க்கின் வரிசையை வாசித்துவிட்டேன். பிராசஸர் எத்தனையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே யூசுப்பிடம், சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேன். இன்று காலை அவன் அனுப்பிய படத்தில் 97.

எழுதி முடித்து மகா பேனாவை மூடினாள். பகலில் அவளுக்குப் பள்ளுருத்தியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை தோப்பும்படியில், ஒரு மாடியில் நடக்கும் லேப்டாப் ரிப்பேர் வகுப்பு. கோணலாக விழுந்த பிரதிகளைத் தைத்து, பின்பக்கத்தில் தினமும் குறிப்பு எழுதுவாள். என்ன செய்தாள், எத்தனை நிமிடம், எது தப்பானது. தப்பானதற்குத்தான் எப்போதும் அதிக இடம் தேவைப்பட்டது.

யூசுப் அதே வகுப்பில் படிப்பவன். மட்டாஞ்சேரிக்காரன். அவனுடைய லேப்டாப் கேம் ஆடுவதற்கென்றே செய்த பெரிய ரகம். தூக்கினால் தோள் இறங்கும். இருபது நிமிடம் ஆடினால் பிராசஸர் தொண்ணூற்றேழைத் தொடும். உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். திரையில் ஓடிக்கொண்டிருந்தவன் சேற்றில் கால் புதைந்தவனைப்போல நிற்பான், எதிரி நிதானமாக வந்து சுட்டுவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவனுடைய ஐந்து பேர் குழுவுக்குத் தகுதிச் சுற்று. எட்டு மாதப் பயிற்சி. குழுவின் தலைவன் ஷாஜி கறாராகச் சொல்லிவிட்டான்: சனிக்கிழமைப் பயிற்சியில் மறுபடி நின்றால், யூசுப்புக்குப் பதில் வெங்கிட்டு ஆடுவான். திங்கட்கிழமையே சர்வீஸ் கடையில் கொடுக்கப் போனவனை, "வேண்டாம், நான் பாக்கறேன்" என்று நிறுத்தியவள் மகாதான். செவ்வாய்க்கிழமை அதைத் திறந்து, தூசி தட்டி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்துப் புதிது வைத்தாள். பிறகு தவறான வரிசையை வாசித்தாள். இனிக் கடையில் கொடுத்தால் ஐந்து நாள் ஆகும்.

வியாழக்கிழமை யூசுப் அதை வகுப்புக்குத் தூக்கிவந்தான். மகா இந்த முறை திரையில் விரலை வைத்து வரிசையைப் படித்தாள்.

"விரல் வச்சுப் படிக்க ஒண்ணாங்கிளாஸா?" என்றான் யூசுப்.

"ஒண்ணாங்கிளாஸ்ல நான் தப்பில்லாமப் படிச்சேன். நீ ஆடு."

நாற்பத்தைந்து நிமிடம் ஆடினான். எண்பத்து நாலு. அதற்கு மேல் ஏறவே இல்லை.

யூசுப் சிரித்தான். மகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் ஏசி ஓடுகிறது. அந்தக் குளிரில் எது வேண்டுமானாலும் எண்பத்து நாலில் நிற்கும். இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் மத்தியானம் ஜெராக்ஸ் கடையின் மூலையில், இரண்டு மெஷின்களின் அனலுக்கு நடுவில், சோதனை நிரலை ஓடவிட்டாள். சுவரில் மாட்டிய வெப்பமானி முப்பத்து நாலு காட்டியது. நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் பிராசஸர் எண்பத்தொன்பது.

இது எப்படி? இந்த அனலில் திக்காதது, அவன் வீட்டில் மட்டும் ஏன் திக்குகிறது?

பயம் கொஞ்சம் பின்னால் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மத்தியானச் சோற்றை மறந்துவிட்டு யூசுப்புக்குப் போன் செய்தாள்.

"வீட்ல எங்க வச்சு ஆடுவே? மெத்தை மேலயா?"

"மெத்தையில வைக்க எனக்கென்ன கிறுக்கா? மேசையிலதான். ஸ்டாண்டு மேல."

"ஜன்னல்?"

"தெறந்துதான் இருக்கும்."

ஜன்னல், சார்ஜர், சுவருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலுள்ள தூரம், அறையின் ஓடு என்று ஒவ்வொன்றாகக் குறித்தாள். ஸ்டாண்டைக் குறிக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் அது அவளுக்கே உறைத்தது. அந்த ஸ்டாண்டைச் செய்துகொடுத்தது அவளுடைய அண்ணன் ஆனந்தகுமார். பஜார் ரோட்டிலுள்ள மிளகு, சுக்குக் குடோன்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது அவன் தொழில். மகா தன்னைத் தினம் நாலு தடவை சந்தேகப்படுவாள். அண்ணன் மாட்டிய ஃபேனை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் யூசுப்பின் வீட்டுக்குப் போனாள். கீழே மிளகுக் குடோன், மேலே வீடு. மரப்படி ஏறும்போதே மூக்கில் காரம் ஏறியது. அவனுடைய உம்மா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாம் நல்லா குளுந்து வரட்டும் மோளே" என்று சொல்லிப் போனார்.

ஸ்டாண்டு என்பது ஒரு பிளைவுட் பெட்டி. மேல்பலகையில் வட்டமாக இரண்டு துளைகள், அவற்றுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஃபேன்கள், அடியில் நாலு கால். வார்னிஷ்கூட அடித்திருந்தான் அண்ணன்.

மகா ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள். வழக்கம்போல ஆடச் சொன்னாள்: பதினெட்டாவது நிமிடம் தொண்ணூற்றேழு. மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப்போட்டாள்: தொண்ணூற்றேழு. சார்ஜரை வேறு பிளக்கில் மாட்டினாள்: அதே. மிச்சம் இருந்தது ஸ்டாண்டின் சுவிட்ச் ஒன்றுதான். அதை அணைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்று நாலுக்கு இறங்கியது.

"ஃபேனை நிறுத்தினா சூடு குறையுதா?" என்றான் யூசுப்.

"நான்தான் தப்பா வாசிக்கிறேன் போல. நீ வாசி."

அவன் வாசித்தான். தொண்ணூற்று நாலு. மறுபடி போட்டாள், ஏறியது. அணைத்தாள், இறங்கியது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு, லேப்டாப்பை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வெறும் மேசையில் வைத்து, பின்பக்கத்துக்குக் கேரம் காய்களை முட்டுக்கொடுத்தாள். தொண்ணூற்று மூன்று. ஆனால் ஓட்டுக் கூரையின் புழுக்கத்தில் முப்பத்தைந்தாவது நிமிடம் அதுவும் தொண்ணூற்றேழுக்கு ஏறித் திக்கத் தொடங்கியது. ஆட்டம் நாற்பத்தைந்து நிமிடம்.

"அப்ப ஆனந்தண்ணன் செஞ்ச பெட்டிதான் என்னைக் கொல்லுது."

"எனக்குத் தெரியல" என்றாள் மகா. அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ஒரு சுக்குக் குடோனில் வேலை முடித்து, மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டோடு வந்த ஆனந்தகுமாரை அவள் நேராக யூசுப் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். படியேறியபின்தான் சொன்னாள், ஸ்டாண்டு ஃபேனைப் போட்டால் சூடு ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது என்று.

அவன் துண்டை மெதுவாக அவிழ்த்தான்.

"ஏட்டி, இந்த பஜார்ல எத்தன ஃபேன் மாட்டியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் வந்து சூடு கூடுதுன்னு சொன்னதில்ல. ஆறு மாசம் கிளாஸுக்குப் போனவ வந்து சொல்றா."

"நீ தப்பா மாட்டினேன்னு சொல்லல, அண்ணே. எனக்குப் புரியலன்னு சொல்றேன்."

"இதுல புரிய என்ன இருக்கு? சூட்டை வெளிய தள்ளணும். எந்த ஃபேன்னாலும் முகம் வெளிய பாத்துதான் இருக்கணும். உள்ள பாத்து மாட்டினா குடோன்காரன் நம்மள உள்ள வச்சுப் பூட்டிருவான்."

"இதுல வெளியன்னா எந்தப் பக்கம்?"

"கீழ. மேல லேப்டாப் சூடு. அதைக் கீழ இழுத்துத் தள்ளுது."

மகா ஜன்னலோரம் கிடந்த கொசுவர்த்திச் சுருளை எடுத்துப் பற்றவைத்தாள். புகை வந்ததும், லேப்டாப்பின் அடிவயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் காட்டினாள். முதலில் ஸ்டாண்டை அணைத்து, லேப்டாப்பை மட்டும் ஓடவிட்டாள். புகை நூலாக மேலே எழும்பி, லேப்டாப்பின் அடியிலிருந்த கம்பித் துளைகளுக்குள் நுழைந்தது.

"அது தன் காத்தை அடியிலேர்ந்துதான் எடுக்குது" என்றாள். "சூட்டைத் தள்றது பின்பக்கமா. அதுக்குன்னு தனியா ரெண்டு ஃபேன் உள்ளேயே இருக்கு."

இப்போது ஸ்டாண்டைப் போட்டாள். மேலே போய்க்கொண்டிருந்த புகை நடுவில் முறிந்து, சடாரென்று கீழே விழுந்து, பலகைத் துளைக்குள் போய் மறைந்தது. மேலே ஒரு இழைகூட ஏறவில்லை.

ஆனந்தகுமார் குனிந்தான். சுருளை அவள் கையிலிருந்து வாங்கி, அவனே இடுக்கில் நகர்த்திப் பார்த்தான். இடது பக்கம், வலது பக்கம், நடுவில். சுவிட்சை அவனே அணைத்துப் போட்டான், போட்டு அணைத்தான். சாம்பல் மேசையில் உதிர்ந்தது.

"குடோன்ல எதிர்ப்பக்கம் கதவு இருக்கும்" என்றான் ஒருவழியாக. யாரிடமும் சொல்வதுபோல இல்லை. "நாம இழுக்க இழுக்க அந்த வழியா புதுக்காத்து வரும். இங்க கதவே இல்ல. அது சுவாசிக்கிற காத்தையே நாம பிடுங்கிட்டோம்."

"ரெண்டும் ஒரே காத்துக்கு அடிச்சுக்குது."

"ஸ்க்ரூடிரைவர் எங்கலே?" என்றான் யூசுப்பைப் பார்த்து.

எட்டு திருகாணிகள். இரண்டு ஃபேன்களையும் புரட்டி, முகம் மேலே பார்க்க மாட்டினான். மூன்றரை மணி. நாலு மணிக்குப் பயிற்சி. ஷாஜியிடமிருந்து குரல் செய்தி வந்து விழுந்தது: "எடா யூசுப்பே, வெங்கிட்டு ரெடியா இருக்கான் கேட்டோ." யூசுப் அதை இரண்டாவது தடவை போட்டுக் கேட்கப் போனான். மகா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மகா நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாள். 79. 82. பதினைந்தாவது நிமிடம் 84. அடுத்தது 85.

இருபதாவது நிமிடம் யூசுப் தும்மினான். தொடர்ந்து மூன்று தும்மல். கீழே குடோனில் சாக்குகளைக் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தரைப்பலகை இடுக்குகள் வழியாக வந்த மிளகுத் தூசியைப் புரட்டி மாட்டிய ஃபேன்கள் அப்படியே மேலே அடித்துக்கொண்டிருந்தன. லேப்டாப்பின் அடியில் மெல்லிய சாம்பல்நிறப் படலம் படியத் தொடங்கியிருந்தது.

ஆனந்தகுமார் சிரித்துவிட்டான். "இதுக்குத்தாம்ட்டி பஜார்ல எல்லாரும் வெளிய பாத்து மாட்றோம்."

மகா குனிந்து அந்தப் படலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தூசி உள்ளே போய் அடைத்தால் ஒரே வாரத்தில் மறுபடி தொண்ணூற்றேழு. நல்லதென்று நினைத்து ஒன்றைத் திருப்பி வைத்து, வேறொன்றைக் கெடுத்துவிட்டாளா? ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவும் முடியாது.

"நிறுத்தணுமா?" என்று யூசுப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"ஆடு. தும்மல் வந்தா தும்மிக்கோ."

அடுத்த அறைக்குப் போய் உம்மாவிடம் கேட்டாள். கிழிந்த கொசுவலை ஒன்று அலமாரி மேல் கிடந்தது. அதில் இரண்டு கை அகலம் வெட்டி, இரண்டாக மடித்து, பெட்டியின் அடியில் ஃபேன் காற்றை இழுக்கும் பக்கத்தில் ஆனந்தகுமார் இழுத்துப் பிடிக்க, அவள் நூலால் கட்டினாள். யூசுப் ஆடிக்கொண்டே இருந்தான். இருவரும் மேசைக்கடியில் தலையை நுழைத்துக் கிடந்தார்கள். அண்ணனின் முழங்கை அவள் காதில் இடித்தது.

"முடிச்சு எங்க போடறே?"

"தெரியல, அண்ணே. தெரியாம போட்டுட்டு இருக்கேன்."

வலை கட்டியதும் சூடு ஏறியது. 86. 87. வலை காற்றையும் கொஞ்சம் தடுக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. முப்பத்தைந்தாவது நிமிடம் 88. திரையில் யூசுப்பின் ஆள் ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து ஓடி, படியேறி, எங்கும் சிக்காமல் குதித்தான். நாற்பதில் 88. நாற்பத்தைந்தில் 88.

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கவிழ்த்து வைத்த போனை எடுத்து ஷாஜியின் புதுச் செய்தியைப் போட்டான். "நாளை நீ தன்னே ஆடணும். மூணரைக்கு லாகின் பண்ணு. அந்தத் தும்மல் மட்டும் மைக்கில வேண்டாம்."

யூசுப் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டான். இந்த முறை மகா போனை வாங்கவில்லை.

திரும்பும் வழியில் ஆனந்தகுமார் ஒரு கடையில் நின்று இரண்டு சாயா சொன்னான். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, "அந்தக் கொசுவர்த்தி வேலை எந்த கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லல. காத்து கண்ணுக்குத் தெரியலையேன்னு தோணிச்சு."

அவன் தலையாட்டினான். "சுக்குக் குடோன்ல ஒரு ஃபேன் இருக்கு. எவ்வளவு ஓடினாலும் ஒரு மூலையில மட்டும் புழுக்கம் போகமாட்டேங்குது. ஒருநாள் சுருளை எடுத்துட்டு வா."

அவளுக்கு உடனே அந்த மூலை எப்படியிருக்கும் என்று கேட்கத் தோன்றியது. கதவு எந்தப் பக்கம், சாக்குகள் எவ்வளவு உயரம். கேட்டாள். அவன் சாயாவை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றும் நேரத்தில் குறிப்பை எடுத்தாள்.

26 ஏப்ரல் 2025, சனி.

ஸ்டாண்டு ஃபேன் கீழே பார்த்து: 97. மேலே பார்த்து: 85. மேலே பார்த்து, கொசுவலை இரண்டு மடிப்பு: 88. கடைசி இரண்டையும் ஒவ்வொரு தடவைதான் எடுத்திருக்கிறேன். ஒரு தடவை போதாது. கீழே புடைக்காத நாளில் எவ்வளவு வரும் என்று தெரியாது. ஸ்டாண்டை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

நாளை: ஒரு மணிக்கு யூசுப் வீடு. லேப்டாப்பைத் திறந்து இன்று உள்ளே போன தூசியைப் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வலையைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குடோன் பூட்டியிருந்தால் ஒரு மடிப்பு, திறந்திருந்தால் இரண்டு மடிப்பு கட்ட வேண்டும். இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, மூன்றேகாலுக்குள் யூசுப் கையில் கொடுக்க வேண்டும்.