வெள்ளை படிந்த மூலை

வயலின் கிழக்கு மூலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஷெஷ்கல்லா குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. காறித் துப்பிவிட்டு, முதல் வேலையாகப் பக்கத்து வயலைத்தான் பார்த்தான். அங்கே லுனன்னாவின் பார்லி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பச்சையாக நின்றது.

வேறு யார் செய்திருப்பார்கள்? போன வருஷமே கோதுமை பாதிதான் தேறியது. இந்த வருஷமும் போய்விட்டால் கோயில் இந்த நிலத்தைப் பிடுங்கி அடுத்த வயல்காரனிடம் கொடுத்துவிடும். அடுத்த வயல்காரன் லுனன்னா. அவன் வீட்டில் மீனை உப்பிட்டுக் காயவைக்கிறார்கள். வரப்புத் தகராறுக்குப் பிறகு முறைத்துக்கொண்டு திரிந்தவன், இப்போது வலிய வந்து குசலம் விசாரிக்கிறான். கணக்கு சரியாக வந்தது.

மனைவி கேமே நம்பவில்லை. "மீனுக்குப் போடற உப்புல வயல மூட முடியுமாங்க? நாலு கழுதை சுமந்தாலும் பத்தாதே" என்றாள். இவள் ஏன் அவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அதையும் ஒரு நாள் முழுக்க யோசித்தான்.

உப்பைக் கழுவித் தள்ளத் தன் முறை வந்தபோது மடையை முழுக்கத் திறந்துவிட்டான். யூப்ரடீஸிலிருந்து அவன் பாட்டன்மார் வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால் அது. மழை எட்டிப் பார்க்காத அந்த மண்ணில், ஊருக்குள் செங்கல் அறுப்பவனும் சட்டி வனைபவனும் கோயிலில் பாடுகிறவனும் அந்தத் தண்ணீரால்தான் சாப்பிட்டார்கள். வயல் குளமாக நின்றது, வெள்ளை மறைந்தது. மண் காய்ந்ததும் பாதி வயலுக்குப் பரவி வந்தது. கோதுமையின் நுனி கருகிவிட்டது.

வயிற்றெரிச்சலோடு கோயிலுக்குப் போய் லுனன்னாவின் பெயரைச் சொல்லிவிட்டான். பார்த்த சாட்சி இல்லாததால் வழக்கை ஆற்றிடம் விட்டார்கள். லுனன்னாவை நடு ஆற்றில் இறக்குவார்கள். கரையேறினால் நல்லவன், ஆறு இழுத்துக்கொண்டால் குற்றவாளி. லுனன்னாவுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

ஆற்றில் இறக்குவதற்கு முந்தின நாள் ஷெஷ்கல்லா துப்புத் தேடி அவன் வயலுக்குள் நுழைந்தான். உப்பைத் தாங்கி நின்ற பார்லிக்கு அடியில் அங்கேயும் வெள்ளை. லுனன்னா அதைச் சுரண்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"உன் வயல்ல போட்டது நான்னே வெச்சுக்க. என் வயல்ல போட்டது யாருய்யா? நீயா?" என்றான் லுனன்னா.

நம்மை ஏமாற்றத் தன் வயலிலும் தானே தூவியிருக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தபடி ஷெஷ்கல்லா திரும்பினான்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி அவன் முறை. மடையைத் திறந்து, முழங்காலளவு தண்ணீரில் நின்று பாய்ச்சினான். பிறகு வெயிலில் ஆற்றங்கரைக்கு நடந்தான். ஊரே கூடியிருந்தது. லுனன்னாவின் மனைவி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். லுனன்னாவை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கால் அரித்தது. ஷெஷ்கல்லா குனிந்தான். முழங்காலுக்குக் கீழே, தண்ணீர் நின்ற அளவுக்குச் சரியாக, தோலில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தான். உப்பு. காலையில் அவன் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை; ஆற்றுத் தண்ணீரைத் தவிர எதுவும் படாத கால் அது.

"இவன் மேல நீ சொன்னது சொன்னதுதானேப்பா?" என்று பூசாரி தண்ணீருக்குள்ளிருந்து கேட்டார்.

லுனன்னா அவனைத் திரும்பிப் பார்த்தான். ஷெஷ்கல்லாவின் விரல் இன்னும் நாக்கில் இருந்தது. பின்னால், மூட மறந்து வந்த மடை வழியாக ஆறு அவன் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.