கடைசிப் பாத்திப் புதர்கள்

அப்பாவின் தலைமாட்டைச் சரிசெய்யச் சித்தி குனிந்தபோது, அவள் சட்டைக் கையிலிருந்து கடைசிப் பாத்திப் புதரின் வாசம் குப்பென்று வந்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த மகளின் கை பாதியில் நின்றது.

புதினாவுக்குப் பங்காளிதான் அந்தப் புதர். ஆனால் ஆளுயரம் வளரும், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ வைக்கும். சுற்றியுள்ள காட்டில் தானாக முளைத்துக் கிடந்ததில் ஐந்தாறு வகையைத் தேடிப் பிடித்து, வீட்டை ஒட்டிய தன் நாற்றுப்பண்ணையின் கடைசிப் பாத்தியில் வளர்த்துவந்தார் அப்பா. லேசாக உரசினாலே போதும், அரைநாளைக்கு வாசம் உடம்பை விடாது. "இத வெச்சுக்கிட்டு ஒருத்தனும் திருட முடியாது, காட்டிக்கொடுத்துடும்" என்று சிரிப்பார்.

"காலைல நீங்க எங்கயும் போகலயா, சித்தி?"

"இல்லம்மா. இந்த ரூமவிட்டு நகரல. தூக்கத்துலயே போயிட்டாரு."

வாய் கூசாத பொய். அம்மா இருந்த இடத்துக்கு வந்தவள் என்ற கசப்பு மகளுக்குப் பழையது. இப்போது அதற்குக் கொம்பு முளைத்தது. கட்டிலைவிட்டு இறக்கவே கூடாது, பக்கத்திலேயே ஆள் வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மனிதரைத் தனியே சாகவிட்டுவிட்டு இவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

வாசலில் அத்தை யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். "நேத்து நல்லாத்தானே பேசினான் என் தம்பி. எனக்கென்னமோ சரியாப் படல."

அத்தைக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், முழுத் துணியே நெய்துவிடுவாள். அந்த நூலைக் கொடுத்துவிடுவது என்று மகள் எழுந்தாள். போகுமுன் அப்பாவின் கையை ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அதிலும் அதே வாசம்.

போர்வையைக் கால்பக்கம் விலக்கினாள். இரண்டு பாதத்திலும் ஈர மண்.

சித்தி சுவரோடு சாய்ந்துவிட்டாள். "பூத்திடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னு கெஞ்சினாரு. மனசு கேக்கல. அங்க போயி, என் தோள்லயே சாஞ்சு..."

"தனியா எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?"

"தொட்டி ஏத்துற தள்ளுவண்டில." சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். "நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லுவாங்களேம்மா."

அந்தத் தள்ளுவண்டியை நினைத்ததும்தான் மகளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

செருப்புச் சத்தம் நெருங்கியது. மகள் சட்டென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"என்னடி பண்றீங்க உள்ள?"

"அப்பாவுக்குத் துணி மாத்துறோம், அத்தை. கொஞ்சம் இருங்க."

ஒரு துண்டை நனைத்து இரண்டாகக் கிழித்தாள். ஒன்றைச் சித்தியிடம் நீட்டினாள். இன்னொன்றோடு அப்பாவின் இடது காலருகே உட்கார்ந்து, விரலிடுக்கிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.