எண்ணெய் படாத கோதுமை

காகிதத் துண்டில் ஏற்றிய வண்டு விளிம்புக்கு ஓட ஓட, காகிதத்தைத் திருப்பிக்கொண்டே அல்கா மாமியார் ஜஸ்வந்தி பெஹனின் கட்டிலருகே வந்தாள். பூதக்கண்ணாடியைத் தூக்க அவர் கைக்குத் தெம்பில்லை. அல்காவே பிடித்துக் காட்டினாள்.

"மூக்கு நீண்டிருக்கா?"

"ஆமா மம்மி."

"அப்ப பயறு டப்பாவத் திறக்காதே. பயறுல வர்றது உருண்டையா இருக்கும், மூக்கு கிடையாது. மாவுல வர்றது செவப்பா, தட்டையா இருக்கும். இது கோதுமையில இருந்துதான் வருது."

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஆஸ்பத்திரி போதும் என்று வீட்டுக்கு வந்து, துறவி அம்மையாரிடம் சாகும்வரை உண்ணாதிருக்கும் விரதம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டையும் விட்டவர் அவர். பகலில் நாலு வாய் வெந்நீர், அவ்வளவுதான். இன்று தாண்டாது என்று காலையில் வந்த டாக்டர் அல்காவின் கணவன் பரேஷை வாசலுக்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அது உள்ளே ஜஸ்வந்தி பெஹனின் காதிலும் விழுந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவலையெல்லாம் விடிந்ததும் சுவரில் ஊர்ந்த அந்த வண்டைப் பற்றித்தான். தான் போய்விட்டால் வீடு கொள்ளாமல் ஆள் வரும், அத்தனை காலில் எத்தனை உயிர் மிதிபடும்? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, பொழுது சாய்வதற்குள் பாஞ்சராபோளில் சேர்த்துவிட வேண்டும் என்றார்.

முடமான மாடுகளும் இறக்கை ஒடிந்த புறாக்களும் இருக்கும் பாஞ்சராபோளில் வண்டுகளுக்கென்றே ஓர் அறை உண்டு. வண்டு விழுந்த தானியத்தை அங்கே கொட்டிவிட்டால், தின்றுகொண்டு கிடந்து தன் ஆயுள் முடிந்ததும் தானே சாகும். மருந்து வைப்பது, வெயிலில் போட்டு வறுப்பது என்ற பேச்சே இங்கே சமண வீடுகளில் கிடையாது.

சாமான் அறையில் மூன்று பீப்பாய்கள். சித்திரையில் வருஷத்துக்கும் கோதுமை வாங்கி, விளக்கெண்ணெய் தடவி மூடிவைத்துவிட்டால் வண்டு அண்டாது. அல்கா முதல் பீப்பாயில் கைவிட்டாள். முழங்கை வரை பிசுபிசுவென்று எண்ணெய். இரண்டாவது சரியாக இருந்தது. மூன்றாவதில் கைவிட்டதும் கோதுமை உள்ளே கதகதவென்று சுட்டது. விரல்களில் எண்ணெய் இல்லை, வெள்ளை மாவுதான் ஒட்டியது. மேலே ஒரு படை கறுப்பாக நகர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கடந்த ஒரு வருஷமாகவே மாமியாருக்கு மறதி. ஒரு பீப்பாய்க்கு இரண்டு தரம் தடவியிருக்கிறார், கடைசிப் பீப்பாயைத் தொடவே இல்லை. கோதுமை வேலைக்கு மட்டும் அவர் யாரையும் சேர்ப்பதில்லை. அல்காவைப் பதினோரு வருஷமாகப் பக்கத்திலேயே விட்டதில்லை.

"எந்தப் பீப்பாய்?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பின்னாடி உள்ளது."

"எண்ணெய் தடவியுமா வந்துச்சு?"

அல்கா சல்லடையைத் தேடுகிறவள்போல நகர்ந்துவிட்டாள்.

கட்டிலருகே தரையில் வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தாள். சல்லடையை மெல்ல அசைத்து, விழும் வண்டுகளைக் கம்பளி நூல் குஞ்சத்தால் ஒதுக்கித் துணிப்பைக்குள் ஏற்றினாள். ஜஸ்வந்தி பெஹன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்டு வந்தார். பால்காரரிடம்கூட, தண்ணீர் கலக்கிறாய் என்று முப்பது வருஷம் வாய்க்கு வந்தபடி பேசினேன், பொறுத்துக்கொள் என்றார். அந்த மனிதர் அழுதுவிட்டு, கலந்தது உண்மைதான் பெஹன் என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போனார். அப்போது அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது பரேஷ் மகனையும் கூட்டிக்கொண்டு மந்திரம் படிக்கும் பெண்களை அழைத்துவரப் போயிருந்தான். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

"அல்கா, தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசக் கஷ்டப்படுத்தியிருந்தா, மிச்சாமி துக்கடம்."

பதிலுக்கு அதே மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், சடங்கு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கோகிலா அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். அல்கா சல்லடையை அசைப்பதை நிறுத்தினாள். பதினோரு வருஷமாக உள்ளே கிடந்ததை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னால் அது வெறும் பொய். இன்றைக்கு விட்டால் சொல்ல ஆளே இருக்காது.

"மம்மி, நீங்க எட்டு நாள் பட்டினி விரதம் இருந்தீங்களே, அந்த வருஷம். பையனுக்குக் காய்ச்சல், எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. டின்னத் திறந்தா வண்டு ஓடுச்சு. சலிக்கல. அப்படியே மூடி மில்லுக்கு அனுப்பிட்டேன்." அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "விரதம் முடிக்க உங்களுக்குக் காய்ச்சுன கஞ்சி அந்த மாவுதான். என் கையாலதான் ஊட்டினேன்."

ஜஸ்வந்தி பெஹன் கண்ணை மூடினார். போய்விட்டாரோ என்று அல்கா பதறி எழுந்தாள்.

"கசந்துச்சு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "வண்டு அரைபட்ட மாவு கசக்கும். முதல் கரண்டிலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"நாப்பது பேர் சுத்தி நின்னாங்க. துப்பியிருந்தா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் இந்த ஊர்ல நீ தல நிமிந்து நடந்திருக்க முடியுமா?"

சற்று நேரம் அவர் மூச்சு வாங்கினார்.

"துறவியம்மாகிட்டப் போய், நான்தான் பாக்காம அரைக்கக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அவங்க பரிகாரம் சொன்னாங்க. இனிமே உசுரு இருக்கற வரைக்கும் வீட்டுக் கோதுமைய நானே என் கையாலப் பொறுக்கி, நானே எண்ணெய் தடவணும், இன்னொருத்தர் கை படக்கூடாதுன்னு."

தன்னை நம்பாமல்தான் ஒதுக்கிவைத்திருக்கிறார் என்று அக்காவிடம் எத்தனை தடவை போனில் புலம்பியிருக்கிறாள். அல்கா கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதாள். தலையில் ஒரு கை வந்து விழுந்தது. அந்தக் கைக்குத் தடவிக்கொடுக்கத் தெம்பில்லை, சும்மா கிடந்தது.

"வண்டு வேட்டிய விட்டு ஓடுது பாரு" என்றார் ஜஸ்வந்தி பெஹன்.

பன்னிரண்டரைக்கு வெந்நீர் கேட்டார். முதல் வாய் இறங்கியது, இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்தது. பரேஷ் அழைத்துவந்த பெண்கள் மந்திரத்தை நிறுத்தவில்லை. அவன் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்றரை மணிக்கு ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போகாவோ ஆற்றங்கரைக்குப் போனார்கள். அல்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வண்டு பொறுக்கிய பையையும் பொறுக்காத மிச்சக் கோதுமையையும் வாசலுக்கு இழுத்தாள். நாளைக்குப் போனால் ஆகாதா, ஊர் என்ன சொல்லும் என்று கோகிலா தடுத்தாள். பொழுது சாய்வதற்குள் என்று சொல்லியிருக்கிறார் என்றாள் அல்கா. கோகிலா மறுபேச்சில்லாமல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

பாஞ்சராபோள் காவலாளி மாவ்ஜிக்கு அதற்குள் சாவுச் செய்தி போயிருந்தது. கைகூப்பினார். மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஜஸ்வந்தி பெஹன் வீட்டுலயா இவ்வளவு? அந்தம்மா கைபட்ட கோதுமையில மூணு வருஷமானாலும் ஒண்ணும் வராதே." ஒரு பிடி அள்ளி விரலிடையே தேய்த்தார். "ஒரு சொட்டு எண்ணெய் படல. யாரு பாத்த வேல இது?"

"நான்தான்" என்றாள் அல்கா. "இந்த வருஷம் என்கிட்ட விட்டாங்க. இந்தப் பீப்பாய மறந்துட்டேன்."

மாவ்ஜி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "துக்க வீடாச்சேன்னு பாக்கறேன்" என்றார். ஆனாலும் திட்டினார். அப்பேர்ப்பட்ட அம்மாவோடு இத்தனை வருஷம் இருந்து என்ன கற்றுக்கொண்டாய், ஆயிரம் உயிர் உன் தலையில் என்றெல்லாம் சொன்னார். அல்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றாள். திட்டி ஓய்ந்ததும், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ விளக்கெண்ணெய், லேசாகச் சூடாக்கி, ஒவ்வொரு மணியும் மினுங்கும்வரை உள்ளங்கையால் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"சூடுன்னா எவ்வளவு, மாவ்ஜி பாய்?"

"விரல் தாங்கணும்."

அவர் அறைக் கதவைத் திறந்து மூட்டையைச் சாய்த்தார். அல்கா துணிப்பையை உதறவில்லை. உள்வெளியாகத் திருப்பித் தையல் ஓரமாகப் பார்த்தாள். இரண்டு இருந்தன. அவை தாமாக இறங்கும்வரை பையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.