கிப்லா பக்கம் திரும்பிய ஆறு வீடுகள்

லண்டன் கம்பெனியின் துபாய் ஆபீசில் சேதுமாதவனுக்கு அது ஆறாவது வருடம். சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு, சவுதியில் யான்புவில் ஆலைக்காரர்களுக்குக் குடியிருப்பு வரைந்து வரைந்து சலித்துப்போய் இங்கே வந்தவர். இந்த 2007-லாவது 'அசோசியேட்' ஆகிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அல் ஐனில் நாற்பது வில்லாக்கள் அவர் பொறுப்பு. அது ஒழுங்காக முடிந்தால் பதவி கைக்கு வந்த மாதிரிதான்.

செவ்வாய்க்கிழமை காலை, சைட்டிலிருந்து பிளம்பிங் ஃபோர்மேன் மீராசா போன் செய்தார். கீழக்கரைக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"சார், முனையில இருக்கிற ஆறு வில்லாவுலயும் கக்கூஸ்ல உக்காந்தா மூஞ்சி நேரா கிப்லாவுக்குல்ல இருக்கு! தொழுவுற தெசையப் பாத்து எவன் சார் உக்காருவான்? நாளைக்குக் கான்கிரீட் போடுறாக. போட்டா கலாஸ், அம்புட்டுதான்."

சேதுமாதவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டிராயிங்கை எடுத்து விரித்தார். "நிறுத்தச் சொல்லுங்க பாய், புது டிராயிங் அனுப்புறேன்" என்றார்.

மற்ற முப்பத்து நான்கும் சரியாகவே இருந்தன. இந்த ஆறை மட்டும், ரோட்டைப் பார்க்கட்டும் என்று கால்வட்டம் திருப்பியிருந்தது. தாளின் மூலையில், வரைந்தவர் கட்டத்தில், எட்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த ஷ்ருதியின் பெயர்.

"நான்தான் சார் பண்ணியிருப்பேன். ஆனா ஞாபகமே வரல" என்றாள் ஷ்ருதி. கண் நிறைந்துவிட்டது.

எப்படி ஞாபகம் வரும்? அதைத் திருப்பிய அன்றைக்கு அவள் லீவு. அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆறையும் ஒரே தட்டில் திருப்பியது சேதுமாதவன்தான். வீடு அஜ்மானில், ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் ரோட்டிலேயே குடித்தனம் நடத்த வேண்டும் என்று, திசையைச் சரிபார்க்காமல் அரக்கப்பரக்க ஓடியவர். இப்போது அவர் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனாலும் திறக்கவில்லை.

மதியம் ஆபீஸ் தலைவர் ஸ்ரீனிவாசன் கூப்பிட்டார். "ரிப்போர்ட்ல அந்தப் பொண்ணு பேரே போகட்டும் சேது. புதுசு, பெரிசா ஒண்ணும் பண்ணமாட்டாங்க. வியாழக்கிழமை அசோசியேட் பதவிக்கு உன் பேரு லண்டனுக்குப் போகணும்."

வழி கண்முன்னே சௌகரியமாகத் திறந்துகிடந்தது. சேதுமாதவன் டீயை ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"திருப்பினது நான் சார். அவ அன்னிக்கு லீவு."

ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்த வருஷம் இல்லப்பா."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வலித்தது. ஆறு வருடம்!

ஷ்ருதியிடமும் உண்மையைச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ஆறு குளியலறைகளையும் அவரே உட்கார்ந்து புதிதாக வரைந்து, பிரிண்ட் எடுத்து அவள் மேஜையில் வைத்தார்.

"நான் வரைஞ்சது. நீ செக் பண்ணிக் கையெழுத்துப் போடு."

"நானா சார்?"

"நீதான்."

மணி ஐந்தைத் தாண்டியது. சேதுமாதவன் கிளம்பவில்லை. அரைமணி கழித்து அவள் பென்சிலோடு வந்து நின்றாள்.

"சார், திசை எல்லாம் சரி. ஆனா கதவு திறந்தா வாஷ்பேசின்ல இடிக்குது."

சேதுமாதவன் தாளை வாங்கிப் பார்த்தார். இடிக்கத்தான் செய்தது.

"கொடு" என்று மறுபடி உட்கார்ந்தார்.