மந்திரகோடியின் நிறம்

மினிக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே வந்ததில்லை. ஒன்று அவளுடைய கண். மற்றது தம்பி நிபின். இரண்டாவதை நம்பி முதலாவதைச் சந்தேகப்பட வேண்டி வந்ததுதான் இந்தக் கதை.

பாறசாலைக்குப் பக்கத்தில், படுத்த இடத்தில் புரண்டு படுத்தால் தமிழ்நாட்டில் தலை வைக்கலாம் என்கிற மாதிரி ஓர் ஊரில் அவள் வீடு. கணவன் மஸ்கட்டில். முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் வேலை. காட்டாக்கடையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். அவள் பக்கம் பக்கமாக அடுக்கி, நிறம் திருத்தி, அச்சுக்கு அனுப்புவாள். இந்தப் பகுதிக் கல்யாண ஆல்பத்தில் எது எப்படிப் போனாலும் மன்னிப்பு உண்டு. மாப்பிள்ளையின் கண் பாதி மூடியிருக்கலாம், பாதிரியார் தும்மலாம். மந்திரகோடியின் நிறம் மட்டும் மாறக்கூடாது. தாலி ஏறியதும் பெண் உடுத்திக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பட்டு அது. அதைக் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தவள் மாமியார். அவளிடம் போய், அச்சில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று யார் சொல்வது?

மினியின் பழைய மானிட்டர் கடைசிக் காலத்தில் இருந்தது. அதை நம்பித் திருத்திய அம்பூரிக் கல்யாணம் ஒன்றில் மணமக்கள், உறவினர், பின்னால் நின்ற ரப்பர் மரங்கள் எல்லாருக்கும் சேர்த்து மஞ்சள் காமாலை வந்த மாதிரி அச்சாகி வந்தது. ஸ்டுடியோ பொன்னுதாஸ் ஆல்பத்தை விரித்து வைத்து, "இது எந்து நிறமா மோளே?" என்று மலையாளத்தில் ஆரம்பித்தார். அவருடைய ஸ்டுடியோ நெய்யாற்றின்கரையில். வீடும் சபையும் மினியின் ஊரில்தான். அதனால் திட்டுவதைத் தமிழில் முடித்தார்.

"நல்ல ஸ்கிரீன் ஒண்ணு வாங்கு. அடுத்து பொழியூர்க் கல்யாணம் ஒண்ணு உண்டு. அது நேரா வந்துதுண்ணா இந்த சீசன் வேலை முழுக்க உனக்குத்தான். இல்லண்ணா நான் திருவனந்தபுரத்துல ஆளு பாத்திருவேன், கேட்டியா?"

நல்ல ஸ்கிரீன் என்றால் நிபின்தான். அவன் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவன். மிச்ச நேரமெல்லாம் கேம் ஆடுபவன். களியக்காவிளைப் பக்கம் மனைவி ஜின்சியின் வீட்டில் இருந்தான். அக்கா மானிட்டர் வாங்கப் போகிறாள் என்றதும் அவனுக்கே கல்யாணம் நிச்சயமான மாதிரி ஓர் உற்சாகம்.

ஒரு மாதமாக அதே பேச்சு. கூப்பிட்டால் மானிட்டர், சாப்பிட்டால் மானிட்டர். நெய்யாற்றின்கரைக் கடையில் வரிசையாக வைத்திருந்த திரைகளின் முன் அவளை நிறுத்திப் பாடம் எடுத்தான். இது வளைஞ்சது, நேர்கோடு கோணலாத் தெரியும், உனக்கு ஆகாது. இது வேகம் உண்டு, நிறம் பொய். இது ஃபோர் கே, அழுத்திப் பாத்தாலும் புள்ளி தெரியாது, ஆனா மெதுவா ஓடும். மினி தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தான். இருபத்தேழு அங்குலம், ஃபோர் கே, நிறம் கம்பெனியிலேயே சரிபார்த்து வருவது, கேமுக்கு வேண்டிய வேகமும் அதில் உண்டு.

"எனக்கு எதுக்குலே வேகம்? மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடவா போறாவ?"

"நான் வாறப்ப ஒரு ஆட்டம் போடலாம்லா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே கொஞ்சம் கூடுதல் விலையுள்ளதையே வாங்க அவள் சம்மதித்தாள். வேலைக்கு அவளுக்கு, விளையாட்டுக்கு அவனுக்கு. ஒரே திரையில் இரண்டு பேரும் இருப்பது நல்லதுதானே என்று பட்டது.

கடையைவிட இணையத்தில் அதற்கு நல்ல சலுகை விலை இருந்தது, ஆனால் அவள் பின்கோடுக்கு அது கிடையாது என்றது இணையக் கடை. இந்த எல்லைக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு முகவரி உண்டு. ரேஷனுக்கு ஒன்று, பார்சலுக்கு ஒன்று. அந்தப் பக்கத்து அத்தை வீட்டு முகவரியில் இந்தப் பக்கத்து மிக்ஸி வந்து இறங்கும். மினியும் நிபினின் முகவரியைப் போட்டாள். பெயரும் அவன் பெயர், போனும் அவன் போன்.

பெட்டியை நிபின் தன் காரில் கொண்டுவந்தான். நாடா வெட்டி மறுபடி ஒட்டியிருந்தது.

"டெட் பிக்சல், எரியாத புள்ளி ஏதும் உண்டான்னு பாக்கணும்லா? அதான் நான் பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல, கிளீன் ஆக்கும்" என்றான். அவனே மேசையில் வைத்தான், அவனே வயரைச் சொருகினான், அவனே எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்தான். சட்டத்தின் மூலையில் பிசுபிசுவென்று ஓர் ஒட்டல் இருந்தது. கவர்ப் பசை என்றான். தம்பி கொண்டுவந்து வைத்த பொருளின் முதுகைத் திருப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மினிக்குத் தோன்றவில்லை. அவனுக்கு மீன் பொரித்துப் போட்டாள்.

பொழியூர்ப் படங்களைத் திறந்ததுமே அவளுக்கு என்னவோ போலிருந்தது. மந்திரகோடி செம்பருத்திப் பூ மாதிரி எரிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் வேறொரு சிவப்பு. படத்தின் பின்னணியில் கடல் வெளுத்துப்போய்க் கிடந்தது. நிபினை அழைத்தாள்.

"அது நல்ல ஸ்கிரீன் அக்கா. பத்து வருசமா அந்த ஓட்ட ஸ்கிரீனப் பாத்துப் பாத்து உனக்க கண்ணு பழகிப்போச்சு. போகப்போக செரியாவும்."

போகப்போகச் சரியாகவில்லை. மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை அவன் குரலில் ஓர் அக்கறை இருந்தது.

"அக்கா, நான் சொல்லுதேன்னு நினைக்காத. ஒருக்கா கண்ணக் காட்டிப் பாரு. நாப்பது ஆவப் போவுதுல்லா?"

அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நிறம் பார்த்துச் சம்பாதிப்பவளுக்குக் கண் என்பது தச்சனுக்குக் கை மாதிரி. மினி பயந்தே போனாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை, வேண்டுமானால் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அவள் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகும் செம்பருத்தி செம்பருத்தியாகவே இருந்தது. சரி, திருத்த வேண்டியதுதான் என்று சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டினாள். திரையில் அழகாக இருந்தது.

ஆல்பம் அச்சாகி வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா அல்போன்சம்மா பொழியூரிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். கடலோரத்துக் குரல், நாலு கடைக்குக் கேட்கும். "நான் எடுத்துக் குடுத்தது மாதுளமுத்து நெறம். எனக்க மருமகளுக்கு யாருடே வழுதலங்கா நெறத்துல சேல உடுத்தினது?" என்று கேட்டாள். ஆல்பத்தில் சேலை கத்திரிக்காய் ஊதாவாக இருந்தது. பொன்னுதாஸ் ஆல்பத்தை மறுபடி அடிக்க வேறோர் ஆளிடம் கொடுத்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யோசுவா உபதேசியார் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார். வெளிநாட்டுப் பயணம், பரீட்சை, ஒரு மூட்டுவலி. பிறகு, "சகோதரி மினியின் கண்பார்வைக்காக. விண்ணப்பித்தவர், தம்பி நிபின்." சபை முழுவதும் திரும்பிப் பார்த்து, உச்சுக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டது. மினிக்கு அழுகை வந்தது. தம்பி தனக்காகச் சபையில் கேட்டிருக்கிறானே என்றுதான் அழுதாள்.

ஜெபம் மேலே போனதா தெரியாது, செய்தி நாலு பக்கமும் போனது. மினிக்குக் கண் மங்கிவிட்டதாம் என்று பாறசாலையில் சொன்னார்கள், காட்டாக்கடையில் சொன்னார்கள். குருட்டுக்கு யார் நிறம் திருத்தக் கொடுப்பார்கள்? ஒவ்வொரு ஸ்டுடியோவாகப் படங்கள் வருவது நின்றது. திட்டுகிறவர்களோடு சண்டை போடலாம். உனக்காக ஜெபிக்கிறோம் மக்கா என்று கையைப் பிடிக்கிறவர்களோடு என்ன செய்வது?

நிபினின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஞாயிறு மதியத்துக்கு மேல் வீட்டு ஜெபம் வைத்திருந்தார்கள். மினி ஒத்தாசைக்கு முன்கூட்டியே போனாள். நிபின் கேக் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான்.

"அக்கா, அவருக்க ரூம்ல பாட்டுப் புஸ்தகம் கெடக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள் ஜின்சி. அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சேர்த்துச் சொன்னாள்: "நீங்க வாங்கிக் குடுத்த மானிட்டரையும் பாருங்க. நல்லா உண்டு. எதுக்கு அக்கா இவ்வளவு செலவு? நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

மினிக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று எண்ணினாள்.

அறைக்குள் எல்லாவற்றிலும் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். நிபினின் மகள் கீபோர்டில் ஒட்டியிருந்தாள், மேசைவிளக்கில், அலமாரிக் கதவில். மானிட்டரில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அது புதிதாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். அதன் முதுகில், ஒரு மாதம் இரண்டு பேரும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்த அந்த மாடல் பெயர் இருந்தது. அவளுடைய மேசைத் திரையின் மூலையிலிருந்த பிசுபிசுப்பு ஞாபகம் வந்தது. அதற்குச் சிறகு வடிவம். கவர்ப் பசைக்கு எங்காவது சிறகு முளைக்குமா?

கேம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. திரை முழுவதும் காடு, இலைக்கு இலை தனித்தனியாக. மினி உட்கார்ந்தாள். தன் மெயிலைத் திறந்து, பொழியூர்ப் பெண்ணின் படத்தை, அவள் கை படாத அசல் படத்தை, திரையில் விரித்தாள்.

மாதுளை முத்து.

திருத்துவதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை. மினி கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதும் மாதுளை முத்துதான். சரிகையின் ஓரத்தில் ஓடிய பச்சை நூல்கூடத் தெரிந்தது.

பின்னால் சத்தம் கேட்டது. கேக் பெட்டியோடு நிபின் வாசலில் நின்றான்.

"எலே," என்றாள். விரலால் திரையைக் காட்டினாள்.

"அக்கா, மெதுவாப் பேசு, ஆளு வாறாவ" என்றான். "ஒரு டூர்ணமென்ட் உண்டு. அது முடிஞ்ச உடனே மாத்தி வச்சிரலாம்னு தான் நினைச்சேன். எனக்க பழசும் நல்ல ஸ்கிரீன் தான். உனக்குக் கல்யாண போட்டோ தானே அக்கா?"

"அப்பம் எனக்க கண்ணு?"

அவன் கேக் பெட்டியைப் பார்த்தான். "நீ கேட்டுட்டே இருந்த. நான் பின்ன என்ன சொல்லுவேன்?"

"சபையில வச்சியே, விண்ணப்பம்?"

இதற்கு மட்டும் அவன் நிஜமான முகத்தோடு பதில் சொன்னான். "மனசு கேக்கல்ல அக்கா. நீ கண்ணாடியும் போட்டுட்டு நிக்கிறதப் பாத்து எனக்குத் தாங்கல்ல. அதான் ஜெபத்துல வச்சேன்."

மினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. திரையைத் திருப்பித் தந்திருக்கலாம். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு கேம் ஆட உட்கார்ந்திருக்கிறான்.

கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது, குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பொன்னுதாஸ் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். மினியைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தார். யோசுவா உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம மினியும் வந்திருக்கு. அவளுக்குப் பார்வை கிடைக்கும்படி எல்லாரும் ஒருமனமா..."

எல்லார் கண்ணும் மூடியது. மினி எழுந்தாள்.

"வேண்டாம் உபதேசியாரே. எனக்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப இந்த வீட்டுல வச்சுதான் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது."

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஒருத்தி. "அல்லேலூயா!" என்றார்கள் பலர். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். ஜின்சி ஓடிவந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து வந்த கை, மஞ்சள் மணந்தது. மினி மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"சாட்சி சொல்லு மக்கா, எப்பிடி நடந்துது?" என்றார் உபதேசியார்.

மினி நிபினைப் பார்த்தாள். அவன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் சிரிக்காதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் கண்கள் கெஞ்சின. சின்ன வயதில் அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுமே, அதே கண்கள். அப்போதெல்லாம் அவள் சொன்னதில்லை.

"அத அவன்கிட்ட கேளுங்க" என்றாள். "விண்ணப்பம் வச்சது அவன். என்ன நடந்துதுன்னும் அவனுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்த முகத்தோடு நிபின் பக்கம் திரும்பினார்கள். மினி கண்ணாடியை அதன் உறைக்குள் வைத்து மூடி, குழந்தையின் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் ரோட்டை அடையும் வரைக்கும், "சொல்லு மக்கா, சொல்லு" என்று உபதேசியார் நிபினைக் கேட்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது.